மடக்கிப் பார்த்த கை

ஆகஸ்ட் 4, திங்கள். ஆம்பூர்.

எழுந்ததும் முதல் வேலை, ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து நகக்கண்களில் தேய்த்தது. பழுப்புச் சாயம். இருபது நிமிடம் ஆயிற்று. வலது கட்டைவிரலில் மட்டும் அப்படியே இருக்கிறது. பாஸ்போர்ட் பார்க்கிறவன் விரலையா பார்க்கப்போகிறான் என்று விட்டேன். காபி குடித்துவிட்டு மறுபடி தேய்த்தேன்.

நேற்று மழை. காலையில் புழுக்கம். பைபாஸ் பக்கமிருந்து ஈரத்தோல் வாடை. மழைக்கு மறுநாள் எப்போதும் கொஞ்சம் ஜாஸ்தி.

பெட்டியில்: பருத்திச் சுடிதார் ஆறு. ஸ்வெட்டர். பருப்புப்பொடி. எலுமிச்சை ஊறுகாய், ரைஹானாவுக்காக. முட்டிக்குத் தைலம். கைச் சொறிக்குக் களிம்பு. இந்த நோட்டு.

எடுக்காதது: கம்பெனிக் காகிதம். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாயிற்று.

அதில் டிக் போட இரண்டு கட்டம். தோலைத் தரம் பிரிக்கும் எங்கள் ஸார்ட்டிங் பிரிவை எடுத்துவிடுகிறார்கள். தோலைப் படம் பிடித்துத் தானே குறை கண்டுபிடிக்கும் மெஷின் வருகிறது. உண்ணிக்கடி, முள்கீறல், சூட்டுக்குறி, அம்மைத்தழும்பு. இருபத்திரண்டு வருடமாக வெள்ளை விளக்குக்கு அடியில் நின்று நான் தேடிய அத்தனையும் அதற்குத் தெரியுமாம். எங்கள் பதினோரு பேருக்கும் இரண்டு வழி. முதல் கட்டம்: செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு. இரண்டாம் கட்டம்: வாலாஜாபேட்டை யூனிட்டில் கட்டிங், ஷூவுக்குத் தோல் வெட்டும் வேலை; இங்கே கட்டிங்கில் இடமில்லையாம். அங்கே ஆறு மாதம் பயிற்சி, என் மகன் கதிர் வயதுப் பிள்ளைகளோடு நின்று. வருகிற திங்கட்கிழமை கையெழுத்து.

என் வீட்டுக்காரர் முதல் கட்டத்தில் டிக் அடித்து வைத்திருக்கிறார். பென்சிலில். பள்ளிக்கூட வாத்தியார், எதையும் அழிக்க முடிகிற மாதிரிதான் எழுதுவார். "இருபத்திரெண்டு வருஷம் நின்னது போதும் மல்லிகா. கையப் பாரு, காலப் பாரு. ஊரு சுத்திட்டு வந்து நிம்மதியா கையெழுத்துப் போட்டுக் குடு."

கோபமாகச் சொன்னால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். இப்படிச் சொன்னால் என்ன செய்வது.

ஐந்து மணிக்கு ரைஹானா, சுருக்கமாக ரை., காரோடு வருகிறாள். வாணியம்பாடியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, மூன்று வருடமும் ஒரே பெஞ்சு. அப்போதே ஆரம்பித்த பேச்சு, வெளிநாடு போகலாம் வெளிநாடு போகலாம் என்று. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் அவள் மகள் கேட்டுக் கேட்டு அலுத்து டிக்கெட்டே போட்டுவிட்டாள். ஜாவா. எரிமலை, கோயில், கூத்து. எனக்கு நாற்பத்தைந்து, அவளுக்கு நாற்பத்தாறு.

ஒரு தீர்மானம்: இந்த ஆறு நாளும் எதையும் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பதில்லை.


ஆகஸ்ட் 5, செவ்வாய். யோக்யகர்த்தா.

தீர்மானம் மீனம்பாக்கத்திலேயே போயிற்று. செக்யூரிட்டியில் ஆளாளுக்கு ஷூவைக் கழற்றித் தட்டில் வைக்க, பெல்ட்டில் வரிசையாக வருகிறது, எங்கள் தளம் மாதிரியே. ஒரு பிரவுன் லோஃபர். மேல்தோல் வயிற்றுப் பக்கத்தில் வெட்டியது, மூன்று மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். சி.

"இன்னாடி, தட்டு தட்டா எட்டிப் பாக்குற? போலீஸ் நாய்னு நெனச்சி இங்கயே புடிச்சி வெச்சிக்கப் போறான்" என்றாள் ரை.

கோலாலம்பூரில் விமானம் மாறி இரண்டாவதில் ஜன்னல் எனக்கு. மேகத்துக்கு மேலே மூன்று மலையுச்சிகள். ஒன்றிலிருந்து மெல்லிசாகப் புகை. பக்கத்து இருக்கைப் பெரியவர் விரலால் காட்டி, எரிமலை என்றார். தன் மாமியார் வீட்டைக் காட்டுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தபடி இறங்கும்வரை பார்த்தேன். நெற்றியில் வட்டமாகத் தடம்.

டிரைவர் பெயர் அகுஸ். முப்பத்தைந்து இருக்கும். நிதானமான ஆங்கிலம். இந்தியாவா என்று கேட்டான், அடுத்த கேள்வியே மகாபாரதத்தில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்றான். கர்ணன் என்றேன். அவன் பீமன் கட்சி. அவன் அப்பா கட்சி வேறு, வீட்டில் சண்டையே வருமாம். அவன் ஐந்து வேளை தொழுகிறவன். டாஷ்போர்டில் தஸ்பீ மாலை, அதன் பக்கத்தில் தோலில் செய்த சின்ன பீமன்.

ரை. என் காதில்: "எங்க வூட்டு டிரைவரு மைலேஜ் தவுர ஒண்ணும் பேசுனதில்லடி."

தங்குமிடம் வயலை ஒட்டி. தவளை. தேநீர் தித்திப்பு ஜாஸ்தி. வாடை என்று ஒன்றுமே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்து நெடுநேரம் மூச்சு இழுத்துப் பார்த்தேன், ஏதோ குறைகிற மாதிரி.

ஒரு காலுறை காணோம்.


ஆகஸ்ட் 6, புதன்.

விடியுமுன் கிளம்பினோம். குளிர். ஸ்வெட்டர் கொண்டுவந்தது புத்திசாலித்தனம்.

போரோபுதூர் புத்த ஸ்தூபத்துக்கு எதிரே ஒரு குன்று. மூங்கில் தடுப்பு, அறுபது எழுபது பேர். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனி, அங்கங்கே தென்னந்தலை மட்டும். எரிமலை முதலில் கறுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். அதன் தோளுக்குப் பின்னாலிருந்து சூரியன். பனி கொஞ்சம் விலகின இடத்தில் ஒரு கூம்பு, அதைச் சுற்றிக் குட்டிக் கூம்புகள். அதுதான் என்றான் அகுஸ்.

எல்லோரும் போனை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். படமெடுக்க வந்த பிள்ளைகள்கூட. ரை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு "சுபஹானல்லாஹ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மல்லி, என் கண்ணாடி கார்லயே வுட்டுட்டேன்டி. மங்கலாவே இப்டி இருக்குது."

எடுத்துவரட்டுமா என்றான் அகுஸ். வேண்டாம் என்றுவிட்டாள். இதுவே தாங்கவில்லையாம்.

பிறகு ஸ்தூபத்துக்கே போனோம். மேலே ஏற நம் செருப்பில் போகக்கூடாது. அவர்களே ஒரு ஜோடி கொடுக்கிறார்கள், தாழை ஓலையில் பின்னியது, அடியில் மெத்தென்ற ஒரு அட்டை. கல் தேய்ந்துவிடக்கூடாதாம். படிக்கட்டில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தையல் நேர். விளிம்பு மடிப்பு சுத்தம். கையால் பின்னியது, இரண்டும் ஒரே அளவு. இத்தனை வருடம் காலைக் காப்பாற்றத்தான் செருப்பு செய்தோம். கல்லைக் காப்பாற்ற ஒரு ஊர் செருப்பு செய்கிறது. திரும்பக் கொடுக்க வேண்டுமோ என்று பயந்தேன், எடுத்துப் போகலாம் என்றார்கள். பெட்டியில் வைத்தாயிற்று.

சுவரெல்லாம் சிற்பம். ஒரு கப்பல், பாய் புடைத்து, கயிறு கயிறாகத் தெரிகிறது. ஒரு பெண் குடத்தை இடுப்பில் மாற்றுகிறாள். யானை. நிறைய புத்தர்களுக்குத் தலை இல்லை. முதலாவதைப் பார்த்ததும் மனசு ‘ரிஜெக்ட்’ என்றது. வெட்கமாகிவிட்டது. அதன் முன்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன். மடியில் வைத்திருக்கும் கை அவ்வளவு அமைதி.

சாப்பிட்டது: பலாக்காய்க் குழம்பு, வெல்லம் போட்டது. ஸலாக் என்று ஒரு பழம், தோல் அசல் பாம்புத்தோல், செதில் அச்சு அவ்வளவு தெளிவு. உள்ளே வெள்ளைச் சுளை, துவர்ப்பு. ரை. ஏழு தின்றாள்.

கைச் சொறி வற்றுகிறது.


ஆகஸ்ட் 7, வியாழன்.

காலையில் கடல். செங்குத்துப் பாறை, கீழே அலை வந்து மோதி ஆள் உயரத்துக்கு மேல் எழும்புகிறது. மெரினாவைக் கடல் என்று நினைத்திருந்தோமே என்றாள் ரை. அவள் செருப்பு ஒன்று போய்விட்டது. அலை எடுத்துக்கொண்டது. நம் ஊர் சரக்கு, கரை சேரும் என்றேன்.

மாலை பிரம்பானன் கோயிலில் ராமாயண ஆட்டம். திறந்தவெளி மேடை, பின்னால் கோயில் கோபுரங்கள் விளக்கு வெளிச்சத்தில், மேலே நிலா. நூறு பேருக்கு மேல் ஆடினார்கள். பேச்சே இல்லை, மணிவாத்தியமும் உடம்பும்தான். வாத்தியத்தை எப்படிச் சொல்வது, தண்ணீருக்கு அடியில் கோயில்மணி அடித்தால் அப்படி இருக்கும். சீதை மேடையைக் கடக்க ஐந்து நிமிடம். கால் நகர்வதே தெரியவில்லை, சேலை நுனி மட்டும் நகர்ந்தது. முதல் நாள் முழுக்கக் காலையே பார்த்தவள் நான், இவள் காலைப் பார்க்கவே முடியவில்லை.

இலங்கை எரிந்தது. நிஜ வைக்கோல், நிஜத் தீ, சூடு எங்கள் வரிசைவரை வந்தது. அனுமன் தீக்குள் புகுந்து குட்டிக்கரணம். ரை. என் தொடையில் அடித்துக்கொண்டே பார்த்தாள். காலையில் பார்த்தால் தொடை சிவந்திருக்கும்.

முடிந்து வெளியே வரும்போது வண்டி நிறுத்துமிடத்தில் சீதை. பூவையெல்லாம் எடுத்துவிட்டு, ஹிஜாப் கட்டி, அதன் மேல் ஹெல்மெட், ஸ்கூட்டரில் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணில் மை அப்படியே. ரை. போய் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்த மொழியில் என்ன சொன்னாளோ, அந்தப் பெண் சிரித்துத் தலையைக் குனிந்தாள். வண்டி போனபிறகும் ரை. அங்கேயே நின்றாள்.

"நம்ம ரெண்டு பேரும் காலேஜ் ஆண்டு விழாவுல ஆடலாம்னு பேர் குடுத்துட்டு பயந்து ஓடனம், ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது.


ஆகஸ்ட் 8, வெள்ளி.

இதை எழுதவே கை கூசுகிறது.

காலையில் ரை. அறையில் ஓய்வு, மதியம் பக்கத்துப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் உண்டு, அங்கே போகிறாள். நான் அகுஸோடு தோல்பொம்மை செய்யும் ஊருக்கு. வந்த நாளிலிருந்து அவன் டாஷ்போர்ட் பீமனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் கூட்டிப்போகட்டுமா என்று அவனே கேட்டான்.

சுகெங் என்பவரின் பட்டறை. ஐம்பது வயது இருக்கும், அவரும் மனைவியும், வேலைக்கு ஆறேழு பேர். சுறுசுறுப்பு. ஆர்டர் குவிந்து கிடக்கிறது, சுவரில் பட்டியல். முற்றத்தில் மூங்கில் சட்டங்களில் எருமைத்தோல் இழுத்துக் கட்டியிருந்தது. வெயிலில், மத்தளம் மாதிரி. பதனிடுவதே இல்லை. ஊறவைத்து, இழுத்துக் கட்டி, காயவைத்து, இரண்டு பக்கமும் சுரண்டுகிறார்கள், அவ்வளவுதான். வெளிச்சம் ஊடுருவுகிறது. தேன் நிறம். இருபத்திரண்டு வருடத்தில் தோலுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே உளிச் சத்தம். உளி ஒவ்வொன்றும் ஈர்க்குச்சி அளவு. ஒரு காதணியில் மட்டும் நாற்பது ஐம்பது துளை இருக்கும். எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். ஒன்றுகூடப் பிசிறு இல்லை.

சுகெங் ஒரு பொம்மையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். சுபத்திரை. வண்ணமும் தங்க ரேக்கும் முடிந்தது, கொம்பில் செய்த தண்டு மட்டும் முதுகில் பொருத்த வேண்டும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. நாளை மாலை ஆட்டத்துக்குப் போகவேண்டியவள்.

வாங்கினேன். எவ்வளவு அழகு என்று அகுஸிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை மடக்கிவிட்டது.

எந்தத் தோல் வந்தாலும் இரண்டாக மடக்கி, மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தி, மேல்பூச்சு வெடிக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை. யோசிப்பதே இல்லை.

‘டப்’ என்றது.

இடுப்புக்குக் குறுக்கே. தங்கம் பொடிப்பொடியாக என் சுடிதாரில். உளிச் சத்தம் எல்லாம் நின்றது. சுகெங் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டார். அகுஸ் தரையைப் பார்த்தான்.

சுகெங் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அகுஸ் வழியாக ஒரே கேள்வி. ஏன்?

கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் என்னவெல்லாமோ சொன்னேன். தோல் ஊர், தோல் வேலை, சோதித்துப் பார்ப்பது. ரயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் ‘எக்ஸ்போர்ட் கம்பெனி’ என்றுதான் சொல்வேன். இன்று தோல் தோல் என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். போனில் எங்கள் மேசையின் படத்தைக் காட்டினேன். விலை கொடுத்துவிடுகிறேன் என்றேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார். படத்தை மட்டும் திரும்ப வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இத்தனை தோலா ஒரே நாளில் என்று கேட்டாராம்.

ஈரத்துணியால் மடிப்பை ஒற்றி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல் போல ஒன்றை ஏற்றினார். நாளைக் காலை பார்க்கலாம், வாருங்கள் என்றார். நேராகாவிட்டால் நாளை ஆட்டத்தில் சுபத்திரை இல்லை. பொம்மை ஆட்டுபவர் ஒரு வருடமாகக் காத்திருந்தவர். இதை அகுஸ் காரில்தான் சொன்னான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ரை.யிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "வுடு. இந்தக் கை வேற இன்னா பண்ணும்? அதுக்குத் தெரிஞ்சது அதுதான?"

சாயங்காலம் ஊரிலிருந்து அவர் போன். கை எப்படி இருக்கிறது என்றார். நன்றாக ஆறிவிட்டது. நிஜம், ஐந்து நாளில் சொறி போன இடம் தெரியவில்லை. "பாத்தியா, நான் சொல்லல?" என்றார், சந்தோஷமாக. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவரே லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குக் கூட வருகிறாராம். சரி என்றேன். பொம்மையைச் சொல்லவில்லை.

கம்பெனிக்கு வரப்போகிற அந்த மெஷின் மடக்கிப் பார்க்காது. படம் மட்டும்தான் பிடிக்கும்.


ஆகஸ்ட் 9, சனி.

ஏழு மணிக்கே பட்டறையில். ரை.யும் வந்தாள், காவலுக்கு என்றாள். பட்டறைக்கா எனக்கா என்று கேட்கவில்லை.

கல்லை இறக்கினார்கள். தோல் நேராகியிருந்தது. ஆனால் மடிப்பு போகவில்லை. ஒரு கோடு, மயிரிழை, இடுப்பில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். நான் மேசையில் பார்த்திருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கியிருப்பேன். சுகெங் தன் மனைவியிடம் கொடுத்தார். வண்ணம் அவர் பொறுப்பு.

பிறகு என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். போன மாதம் ஒரு தோல் பாதி செதுக்கினபிறகு கிழிந்துவிட்டதாம், மூன்று வார வேலை. புதிதாக ஐந்து வந்திருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நேற்று அவர் பொம்மையை உடைத்தவளிடம்.

பார்த்தேன். பதனிடாத பச்சைத்தோல் எனக்குப் பழக்கமில்லை, முதலில் விரல் தடுமாறியது. வெயிலுக்கு எதிரே பிடிக்கச் சொல்லி உள்பக்கத்தை நகத்தால் தடவிக்கொண்டே வந்தேன். மடக்கவில்லை. மூன்று நல்லவை. நாலாவதில் உண்ணிக்கடி கழுத்துப் பக்கம் மட்டும். ஐந்தாவதில் நடுவில் ஒரு கத்திவெட்டு, உரிக்கும்போது விழுந்தது. சுரண்டினதில் மேலே மூடிக்கொண்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. நகத்துக்குத் தெரிந்தது. நான்கு விரல் நீளம். கரியால் வட்டம் போட்டேன்.

சுகெங் தடவிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து, அது போன வழியே தன் விரலைக் கொண்டுபோனார். "ஓ" என்றார். வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். வரிசையில் நின்று தடவினார்கள். ரை. போட்டோ எடுத்தாள். பதினைந்து போட்டோ.

இப்படி ஒன்று வந்தால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒதுக்கிவிடுவோம் என்றேன். ஒதுக்கினபிறகு? கட்டிங்கில் வாங்கிக்கொள்வார்கள், அது வேறு பிரிவு, நான் பார்த்ததில்லை என்றேன். சொல்லும்போதே விசித்திரமாக இருந்தது. ஒரே காம்பவுண்டில் இருபத்திரண்டு வருடம். சுவருக்கு அந்தப் பக்கம்.

அவர் பீமனின் காகித அச்சை எடுத்துவந்து தோல்மேல் போட்டார். திருப்பினார். இடம் மாற்றினார். மறுபடி திருப்பினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவசரமே இல்லை. எட்டாவது தடவையோ ஒன்பதாவதோ, என் கரி வட்டம் பீமனின் இரண்டு காலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. பீமன் காலை அகட்டி நிற்பவன். அந்த இடம் எப்படியும் வெட்டி எடுத்துவிடும் வெற்றிடம்.

கோடு இழுத்தார். அவ்வளவுதான். முழுத்தோலும் உபயோகம்.

நான் தோலில் குறை எங்கே என்று பார்த்ததோடு நின்றுவிட்டேன். அது எங்கே விழுந்தால் பரவாயில்லை என்று ஒருவர் எட்டு தடவை திருப்பிப் பார்ப்பதை இன்றுதான் பார்க்கிறேன். ஆம்பூரில் கட்டிங் பிள்ளைகள் என் சாக்பீஸ் வட்டத்தைத் திட்டிக்கொண்டே சுற்றிச் சுற்றிப் போவார்கள் என்று கேள்வி. அவர்களும் இப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மாலை ஆட்டம். ஒரு பெரிய வீட்டின் கூடம். விடிய விடிய நடப்பது, நாங்கள் உட்கார்ந்தது இரண்டு மணி நேரம். வெள்ளைத் திரை. ஒரு பக்கம் உட்கார்ந்தால் நிழல், மறுபக்கம் போனால் பொம்மையும் ஆட்டுபவரும் வாத்தியக்காரர்களும். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்து போய் மாறி உட்காரலாம், சாப்பிடலாம். குழந்தைகள் நடுவில் ஓடுகின்றன. யாரும் அதட்டவில்லை.

முதலில் நிழல் பக்கம் உட்கார்ந்தோம். மலையும் மரமுமாக ஒரு இலை வடிவம் திரையில் நடுங்கிக்கொண்டே வந்தது. உலகம் தொடங்குகிறது என்று அர்த்தமாம். ஒரே ஆள் ஐம்பது குரல். குட்டைத் தொந்திக்காரன் ஒருத்தன், வேலைக்காரன், நம் பாரதத்தில் இல்லாதவன். வந்தாலே கூடம் சிரிக்கிறது. அவன்தான் தேவர்களுக்கெல்லாம் மூத்தவன் என்றான் அகுஸ். ரை.க்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

பிறகு சுபத்திரை.

திரையில் வந்து நின்றாள். தலை குனிந்து, விரல்கள் நீண்டு, காதணியின் துளை துளையாக வெளிச்சம். இடுப்பைத் தேடினேன். ஒன்றுமில்லை. நிழலில் கோடு இல்லை. அவள் அர்ஜுனனிடம் ஏதோ சொன்னாள், குரல் தழைந்தது, முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான் பிறகு இடுப்பைப் பார்க்க மறந்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்பது அவள் போனபிறகுதான் உறைத்தது.

எழுந்து அந்தப் பக்கம் போனேன். ஆட்டம் முடிந்த பொம்மைகளை வாழைத்தண்டில் செருகி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சுபத்திரையும். குனிந்து பார்த்தேன். மடிப்பு இருந்த இடத்தில் சுகெங் மனைவி தங்கத்தில் ஒரு பட்டை வரைந்திருந்தார். அதில் சிவப்புப் புள்ளி, பச்சைப் புள்ளி. நேற்று இல்லாதது.

ரை. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "உன் புண்ணியத்துல அவளுக்கு ஒட்டியாணம் கெடச்சிருக்குது பாருடி."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகை வந்தது. வாத்தியக்காரர் ஒருவர் தேநீர் கொடுத்தார்.

சுகெங் கூட்டத்தில் எங்கோ இருந்தார். கிளம்பும்போது ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். அறைக்கு வந்து பிரித்தேன். பீமனின் கால்களுக்கு நடுவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. என் கரி வட்டத்தோடு.


ஆகஸ்ட் 10, ஞாயிறு. விமானத்தில்.

எடை சரியாக இருந்தது. வாங்கியவை: அவருக்கு பாத்திக் சட்டை, நீலம். கதிருக்குக் காப்பித்தூள். ரை. வீட்டுக்காரருக்கு அதே சட்டை, பழுப்பு. ஸலாக் இரண்டு கிலோ, ரை. கைப்பையில், பிடிபட்டால் எனக்குத் தெரியாது. தாழைச் செருப்பு. தோல் துண்டு இந்த நோட்டுக்குள், பக்கம் மூடவில்லை, புடைத்துக்கொண்டிருக்கிறது.

அகுஸ் விமான நிலையத்தில் டாஷ்போர்ட் பீமனைக் கழற்றி நீட்டினான். வேண்டாம் என்றேன், அப்பாவோடு சண்டைக்கு ஆள் வேண்டுமே. சிரித்தான். அடுத்த தடவை விடியும்வரை உட்காருங்கள் என்றான்.

கோலாலம்பூர் தாண்டி ஒரு மணி நேரம். ஜன்னலில் மேகம் மட்டும். எவ்வளவு பார்த்தாயிற்று இந்த ஆறு நாளில். பனிக்குள் கூம்பு. அலை. ஹெல்மெட் போட்ட சீதை. கண்ணை மூடினால் இவை வருமுன் ஒரு காகித அச்சு வருகிறது, திரும்பித் திரும்பி.

கொஞ்ச நேரத்துக்கு முன் ரை. கேட்டாள். "நாளைக்குக் கையெழுத்துப் போடணுமே. இன்னா முடிவு பண்ண?"

இன்னும் இல்லை என்றேன். அவளிடம் பொய் சொன்னது காலேஜுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. "வுட்டுடு மல்லி. ரெண்டு பேரும் வருஷா வருஷம் எங்கனா போலாம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இப்போது வாயைத் திறந்து தூங்குகிறாள்.

நகக்கண்ணில் அந்தப் பழுப்பு இன்னும் இருக்கிறது. எலுமிச்சை, கடல், ஊறுகாய் எதற்கும் போகவில்லை.

வாலாஜாவுக்குக் கம்பெனி பஸ் காலை ஆறேகாலுக்கு ரயில்வே ஸ்டேஷன் எதிரில். அவருக்கு மதியச் சாப்பாடு கட்ட நாலரைக்கு எழ வேண்டும். முட்டி வலிக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், முதல் வாரம் கண்டிப்பாக.

கதிரின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் பரணில் இருக்கிறது. அதில் ரப்பர் இருக்கும். வீட்டுக்குப் போனதும் முதலில் அதை எடுத்து அந்த டிக்கை அழிக்க வேண்டும். காகிதம் கசங்காமல், மெதுவாக. பிறகு இரண்டாம் கட்டம். பேனாவில்.